காசும் வரணும், நல்லதும் நடக்கணும்... ரெண்டும் ஒத்துவருமா?

முதலீட்டுச் செயலி ஒன்றைத் திறக்கிறீர்கள். பங்கு, கடன்பத்திரம், தங்கம் என்று வரிசையாக வருகிறது. நடுவில் பச்சை நிறத்தில் ஓர் இலைச் சின்னம். பக்கத்தில் 'இம்பேக்ட்' என்ற சொல். உங்கள் பணம் வளரும், கூடவே ஏழைப் பெண்களின் வாழ்க்கையும் உயரும் என்கிறது விளக்கம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. முதல் வேலை, முதல் சேமிப்பு. அதில் கொஞ்சம் நல்ல காரியத்துக்கும் போனால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஒரு சந்தேகமும் வரும். லாபம் வேண்டும் என்பவர் ஒரு பக்கம் இழுப்பார். நன்மை வேண்டும் என்பவர் இன்னொரு பக்கம் இழுப்பார். இரண்டும் எப்படி ஒரே கயிற்றில் நிற்கும்?

சில இடங்களில் நிற்கும். சில இடங்களில் அறுந்துவிடும். அறுந்த இடங்களைப் பார்த்தால்தான் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பது புரியும்.

முதலில், தாக்க முதலீடு என்றால் என்ன?

நன்கொடை கொடுத்தால் பணம் திரும்பி வராது. சாதாரண முதலீட்டில் பணம் திரும்பி வரும், லாபமும் வரலாம். ஆனால் அது யாருக்கு நல்லது செய்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தாக்க முதலீடு.

அதற்கு மூன்று அடையாளங்கள்:

• சமுதாயத்துக்கோ சுற்றுப்புறத்துக்கோ நன்மை செய்யும் நோக்கம் முதலிலேயே இருக்க வேண்டும்
• போட்ட பணமாவது திரும்பி வர வேண்டும், முடிந்தால் லாபமும் வர வேண்டும்
• நன்மை நடந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும்

2007இல் ராக்கஃபெல்லர் அறநிறுவனம் இத்தாலியின் பெலாஜியோவில் நடத்திய கூட்டத்தில்தான் இந்தப் பெயர் பிறந்தது. இப்போது இது சின்ன விஷயம் இல்லை. 'குளோபல் இம்பேக்ட் இன்வெஸ்ட்டிங் நெட்வொர்க்' என்ற அனைத்துலக அமைப்பு 2024இல் கணக்கெடுத்தது. உலகம் முழுவதும் இவ்வகையில் நிர்வகிக்கப்படும் தொகை ஏறத்தாழ 1.57 டிரில்லியன் அமெரிக்க டாலர்.

சிங்கப்பூருக்கு இதில் என்ன பங்கு?

சிங்கப்பூரில் 'இம்பேக்ட் இன்வெஸ்ட்மெண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற நிறுவனம் இருக்கிறது. அது 2017இல் மகளிர் வாழ்வாதாரக் கடன்பத்திரத்தை வெளியிட்டது. மொத்தம் 8 மில்லியன் அமெரிக்க டாலர். நான்கு ஆண்டுத் தவணை. ஆண்டுக்கு 5.65 விழுக்காடு வட்டி. கடன்பத்திரம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது.

திரட்டிய பணம் தென்கிழக்காசியாவில் பெண்களுக்குச் சிறுகடன் தரும் நிறுவனங்களுக்கும் சமூக நிறுவனங்களுக்கும் கடனாகப் போனது. அடுத்தடுத்து மேலும் பல கடன்பத்திரங்கள் வந்தன. 2023இன் இறுதியில் வெளிவந்த ஆறாவது கடன்பத்திரத்தின் அளவு 100 மில்லியன் டாலர்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் கடன்பத்திரத்தில் நட்டம் வந்தால் முதல் அடியை வாங்கிக்கொள்ள வெளியீட்டு நிறுவனமே ஒரு தொகையை ஒதுக்கியது. அதற்கு மேல், கொடுத்த கடனின் அசலில் பாதிக்கு அமெரிக்க அரசாங்கத்தின் உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் உத்தரவாதம் தந்தது.

அதாவது முதலீட்டாளருக்குச் சந்தை வட்டி கிடைத்ததற்குப் பின்னால் இன்னொருவர் ஆபத்தைச் சுமந்தார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அமெரிக்க வரி செலுத்துவோர். 2025 ஜூலையில் யூஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவது நின்றுபோனது. எஞ்சிய பணிகள் அமெரிக்க வெளியுறவு அமைச்சுக்குப் போயின. இனி அந்த ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்வி இந்தத் துறை முழுவதற்கும் எழுந்திருக்கிறது.

ஏழைகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஏன் வட்டி அதிகம்?

பலருக்கும் இதுதான் முதல் அதிர்ச்சி. "நல்லது செய்றோம்னு சொல்லிட்டு 20, 25 விழுக்காடு வட்டியா?" என்று கேட்கத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்குக் கடன் தந்து, மாதாமாதம் நேரில் போய் வசூலித்து, கணக்கு வைக்க ஆண்டுக்கு 60 டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் சிறிதோ பெரிதோ, ஊழியர் அதே தூரம்தான் மோட்டார்சைக்கிளில் போக வேண்டும்.

• கடன் 500 டாலர் என்றால் அந்தச் செலவு 12 விழுக்காடு
• கடன் 1,000 டாலர் என்றால் 6 விழுக்காடு
• கடன் 2,000 டாலர் என்றால் வெறும் 3 விழுக்காடு

நிறுவனம் தானும் வெளியில் கடன் வாங்கித்தான் தருகிறது. அதற்கு 8 விழுக்காடு வட்டி கட்டுகிறது. திரும்ப வராத கடனுக்கு 2 விழுக்காடு. ஆக, 500 டாலர் கடனுக்கு மொத்தச் செலவே 22 விழுக்காடு. 24 விழுக்காடு வட்டி வாங்கினால் லாபம் 2 விழுக்காடுதான். அதே வட்டிக்கு 2,000 டாலர் கடன் தந்தால்? செலவு 13, லாபம் 11.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நீங்கள்தான் அந்த நிறுவனத்தை நடத்துகிறீர்கள். முதலீட்டாளர் கூடுதல் லாபம் கேட்கிறார். உங்கள் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் கை தானாகவே எந்தப் பக்கம் போகும்? பெரிய கடன் பக்கம். வசதி கொஞ்சம் கூடுதலாக இருக்கும் வாடிக்கையாளர் பக்கம். ஆக ஏழையான பெண் மெல்ல மெல்ல வரிசையிலிருந்து விலகிப் போவார்.

அல்லது அதே பெண்ணிடமே, அவருக்குத் தேவையானதைவிடப் பெரிய கடன் வந்து நிற்கும்.

பங்குச் சந்தைக்குப் போனபோது என்ன நடந்தது?

மெக்சிகோவின் கொம்பார்த்தாமோஸ் 1990இல் தொண்டு அமைப்பாகத் தொடங்கியது. பிறகு லாப நோக்குடைய நிறுவனமானது, வங்கியானது. 2007 ஏப்ரலில் அதன் 30 விழுக்காட்டுப் பங்குகள் 450 மில்லியன் டாலருக்கும் மேல் விற்கப்பட்டன. அந்தப் பணம் புதிய கடன்களுக்குப் போகவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களின் கைக்குப் போனது. அந்த நேரத்தில் கடன் வாங்கிய பெண்கள் கட்டிய வட்டி, வரியும் சேர்த்து, ஆண்டுக்கு 100 விழுக்காட்டை நெருங்கியிருந்தது.

சிறுகடனுக்கு உலகப் புகழ் தேடித்தந்த முகமது யூனுஸ் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். கொம்பார்த்தாமோஸ் தரப்பும் பதில் சொன்னது. லாபம் இருந்தால்தான் பெருந்தொகை இந்தத் துறைக்கு வரும், அப்போதுதான் இன்னும் பல மில்லியன் பெண்களைச் சென்றடைய முடியும் என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எது சரி என்று சொல்ல அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றே ஆண்டில் இந்தியாவில் ஒரு சோதனை வந்தது.

ஆந்திராவில் என்ன ஆச்சு?

விக்ரம் அகுலா தொடங்கிய எஸ்கேஎஸ் நிறுவனமும் முதலில் லாப நோக்கமற்ற அமைப்புதான். 2010 ஆகஸ்டில் அது பங்குச் சந்தையில் இறங்கியது. பங்கு ஒன்றின் விலை 985 ரூபாய். முதலீட்டாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினர்.

அப்போது தெலுங்கானாவும் சேர்ந்திருந்த ஆந்திரப் பிரதேசத்தில் சிறுகடன் நிறுவனங்கள் குவிந்திருந்தன. ஒரே பெண்ணுக்கு மூன்று, நான்கு நிறுவனங்கள் கடன் தந்தன. ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன் வாங்கும் நிலை வந்தது. எத்தனை பேரைச் சேர்த்தார், எவ்வளவு வசூலித்தார் என்பதை வைத்துத்தான் ஊழியரின் வேலை மதிப்பிடப்பட்டது. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றனர்.

கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனங்கள் பதிவுசெய்ய வேண்டும், வாரத் தவணை கூடாது, வற்புறுத்தக்கூடாது என்றது. கடனைத் திருப்பிச் செலுத்துவது கிட்டத்தட்ட நின்றேபோனது. 2012இல் எஸ்கேஎஸ் பங்கின் விலை 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாடம் எளிது: "லாபம் கெட்டது." ஆனால் முடியவில்லை.

ஆந்திராவில் பணத்தை இழந்த நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடன் தருவதைக் குறைத்தன. அந்த மாநிலங்களில் எந்தத் தப்பும் நடக்கவில்லை, எந்தச் சட்டமும் வரவில்லை. எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே என்ன நடந்தது என்று ஆராய்ந்தனர். கடன் வறண்ட மாவட்டங்களில் கிராமப்புற அன்றாடக் கூலி குறைந்தது, குடும்பங்களின் செலவும் குறைந்தது என்று கண்டனர். 2021இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கடன் வாங்காத கூலித் தொழிலாளியும் அடிபட்டார் என்பதே அதன் பொருள்.

சிறுகடன் அளவுக்கு மீறினாலும் வலி. திடீரென்று நின்றாலும் வலி.

அதன்பின் இந்திய ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தியது. வட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. ஒருவருக்கு இரண்டு சிறுகடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது என்றது. ஆனால் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. 2025இல் தமிழ்நாடும் கடனைக் கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஊரில் மகளிர் குழுவில் இருக்கும் அத்தையையோ சித்தியையோ கேட்டால், வாரத் தவணை நாளின் பதற்றத்தை அவர்களே சொல்வார்கள்.

நம் பக்கத்து நாட்டில்?

கம்போடியா நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. உலகின் பல தாக்க முதலீட்டு நிதிகள் அங்கே பணம் போட்டிருக்கின்றன.

2017இல் அந்நாட்டு மத்திய வங்கி, சிறுகடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவுபடுத்திப் பாருங்கள். 500 டாலர் கடனுக்குச் செலவே 22 என்றால், 18க்கு யார் தருவார்? சின்னக் கடன்கள் குறைந்தன, கடன் தொகைகள் பெரிதாகின, தனிக் கட்டணங்கள் முளைத்தன.

2019 வாக்கில் சராசரிக் கடன் 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. கம்போடியரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிட அது அதிகம். அத்தகைய கடனுக்குப் பெரும்பாலும் நிலப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும். தவணை கட்ட நிலத்தை விற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர்கள் பற்றி லிகாடோ என்ற மனித உரிமை அமைப்பு அந்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. 2022இல் உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவுக்கு எதிராக அதன் கண்காணிப்பு அலுவலகத்தில் புகாரும் கொடுக்கப்பட்டது. அந்தப் பிரிவு பணம் கொடுத்த ஆறு கம்போடிய நிறுவனங்களின் நடைமுறைகளைப் பற்றியது அந்தப் புகார்.

ஒன்று தெளிவு. அந்த முதலீடுகளின் ஆண்டறிக்கைகளில் எண்கள் அழகாகவே இருந்திருக்கும். இத்தனை பெண்களுக்குக் கடன், 99 விழுக்காட்டுக்கு அருகே திருப்பிச் செலுத்தும் விகிதம் என்று. ஆனால் நிலத்தை விற்றுக் கட்டிய தவணையும் அந்த எண்ணுக்குள் 'ஒழுங்காகக் கட்டிய தவணை'தான்.

அப்படின்னா நன்மையை எப்படி அளப்பது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்று எண்ணுவது சுலபம். அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்ப்பது கடினம், செலவும் அதிகம்.

2015இல் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. இந்தியா, மெக்சிகோ, மொரோக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகியவை அந்த நாடுகள். சிறுகடன் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர் ஆய்வாளர்கள். சிலருக்குத் தொழிலைக் கொஞ்சம் பெரிதாக்க முடிந்தது. கையில் காசு வரும் நேரத்தையும் செலவையும் சரிக்கட்டப் பலருக்கு உதவியது. ஆனால் சராசரி வருமானம் பெரிதாக உயரவில்லை. வறுமையிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் வெளியேறிவிடவும் இல்லை.

சிறுகடனால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. விளம்பரத்தில் வரும் அளவுக்குப் பயன் இல்லை என்பதுதான் அர்த்தம். அடக்கமான நன்மை ஒன்றுக்குப் பெரிய லாபத்தையும் வேகமான வளர்ச்சியையும் எதிர்பார்க்கும்போதுதான் கயிறு இறுகுகிறது.

ரெண்டும் சேர்ந்து போகவே போகாதா?

போகும். வாடிக்கையாளர் கட்டும் பணமே அவருக்குக் கிடைக்கும் நன்மையின் விலையாக இருக்கும் இடங்களில் நன்றாகவே போகும்.

கென்யாவின் எம்-கோப்பா நிறுவனத்தைப் பாருங்கள். மின்சாரம் எட்டாத வீடுகளுக்குச் சூரியசக்தி விளக்குகளைத் தவணையில் தந்து அது தொழிலைத் தொடங்கியது. கைத்தொலைபேசி வழியே தினமும் சிறு தொகை கட்டினால் போதும். ஏற்கெனவே மண்ணெண்ணெய்க்குச் செலவான காசுதான் அது. விளக்கு எரியாவிட்டால் வாடிக்கையாளர் கட்டுவதை நிறுத்திவிடுவார். ஆகவே அவர் நலனும் நிறுவனத்தின் நலனும் பெருமளவு ஒரே பக்கம் இருக்கின்றன.

பணக்கடன் அப்படிப்பட்டது இல்லை. கடன் பயன் தராவிட்டாலும் தவணை வரும். சமையல்பாத்திரத்தை அடகு வைத்தாவது கட்டுவார்கள். அதனால் கடனில் லாபத்தை மட்டும் பார்த்து நன்மை நடந்ததா என்று தெரிந்துகொள்ள முடியாது.

யார் உரிமையாளர் என்பதும் முக்கியம். பங்ளாதேஷின் கிராமீன் வங்கியில் பெரும்பான்மைப் பங்குகள் கடன் வாங்கிய உறுப்பினர்களிடமே இருக்கின்றன. லாபம் வந்தால் அவர்களுக்கும் பங்கு. வட்டியை ஏற்றச் சொல்லி வெளியிலிருந்து நெருக்கும் பங்குதாரர்கள் அங்கு இல்லை.

மூன்றாவது, காலக்கெடு. தனியார் முதலீட்டு நிதி ஒன்று பொதுவாக 10 ஆண்டுக்குள் எல்லாவற்றையும் விற்றுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது யாரிடம் விற்பது? அதிக விலை தருபவரிடமா? அல்லது நோக்கத்தைக் காப்பாற்றுபவரிடமா? முதல் நாளிலேயே இதை எழுதிவைக்காவிட்டால் கடைசி நாளில் விலைதான் ஜெயிக்கும்.

சிங்கப்பூரில் உங்களுக்கு என்ன வழி?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான தாக்க முதலீடுகள் உங்களுக்கும் எனக்கும் திறந்திருக்கவில்லை. மகளிர் வாழ்வாதாரக் கடன்பத்திரம் போன்றவை பெருநிறுவனங்களையும் 'அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்'களையும் நோக்கியவை. தனிநபர் அந்தத் தகுதியைப் பெற, ஆண்டு வருமானம் குறைந்தது 300,000 வெள்ளி இருக்க வேண்டும். அல்லது நிகர நிதிச் சொத்து 1 மில்லியன் வெள்ளியைத் தாண்ட வேண்டும். வீடு உள்ளிட்ட சொத்துகளைக் கணக்கிடும் வழியும் உண்டு, அதற்கு 2 மில்லியன் வெள்ளி வரம்பு.

பொதுமக்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்ற பெயர்களில் விற்கப்படும் நிதிகள். அவற்றுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 ஜனவரி முதல் விதிகள் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளும் நிதி, சொத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை அந்த நோக்கத்தின்படி போட்டிருக்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எதைச் சாதித்தது என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை உங்களுக்காகத்தான். இலைச் சின்னத்தை நம்புவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு வழி, அரசாங்கத்தின் பசுமைக் கடன்பத்திரம். 2022 ஆகஸ்டில் சிங்கப்பூர் முதன்முறையாக 50 ஆண்டுப் பசுமைக் கடன்பத்திரத்தை வெளியிட்டது. அளவு 2.4 பில்லியன் வெள்ளி, வட்டி ஈவு 3.04 விழுக்காடு. அதில் 50 மில்லியன் வெள்ளி பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜூரோங் வட்டார ரயில் பாதை, குறுக்குத் தீவு ரயில் பாதை போன்ற திட்டங்களுக்கு அந்தப் பணம் பயன்படும். பாதுகாப்பான முதலீடுதான். ஆனால் அந்த ரயில் பாதைகளைக் கட்டும் முடிவு கடன்பத்திரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

நாலு கேள்வி கேளுங்க

யாராவது 'இம்பேக்ட்' என்று சொல்லி விற்க வந்தால் இவற்றைக் கேளுங்கள்.

1. எத்தனை பேர் என்று சொல்கிறீர்கள், அவர்களுக்கு என்ன மாறியது?
எண்ணிக்கை மட்டும் வந்தால் அது விற்பனைக் கணக்கு. அவர்களிடம் யாராவது போய்க் கேட்டார்களா, புகார் சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. என் பணம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா?
சந்தையில் ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கினால், உங்கள் பணம் பங்கை விற்றவருக்குத்தான் போகிறது. நிறுவனத்துக்குப் புதுக்காசு போகவில்லை. அது தப்பான முதலீடு இல்லை. ஆனால் அதனால் உலகம் மாறியது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

3. நட்டம் வந்தால் முதல் அடி யாருக்கு?
அரசாங்கமோ அறநிறுவனமோ தாங்குகிறதா? நீங்கள் தாங்குகிறீர்களா? அல்லது நிலத்தை அடகு வைத்த விவசாயியா? கடைசி விடை என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

4. லாபமும் நன்மையும் மோதினால் யார் முடிவெடுப்பார்?
இதுதான் முக்கியம். "எங்களிடம் மோதவே மோதாது" என்ற பதில் வந்தால், அவர்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள். ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் கடன் தரமாட்டோம், ஆண்டுக்கு இந்த வேகத்துக்கு மேல் வளரமாட்டோம், இப்படிப்பட்டவரிடம்தான் விற்போம் என்று எழுத்தில் இருக்கிறதா? அதைக் கேளுங்கள்.

கடைசியாக...

லாபம் வருவது பாவம் இல்லை. லாபமே வராத நல்ல காரியம், நன்கொடை வற்றும் அன்று நின்றுபோகும். ஆந்திராவில் கடன் வறண்டபோது பக்கத்து மாநிலக் கூலித் தொழிலாளியின் சம்பளம் குறைந்ததை மறக்க முடியாது.

ஆனால் 5 விழுக்காடு கிடைத்தால் போதும் என்று இருக்கும் பணம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். 15 விழுக்காடு கேட்கும் பணம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்த வேறுபாட்டை உணர்பவர் செயலியைத் திறந்து வைத்திருக்கும் நீங்கள் இல்லை. கிராமத்தில் தவணைப் புத்தகத்துடன் நிற்கும் பெண்தான்.

ஆகவே அடுத்த முறை அந்தப் பச்சை இலையைப் பார்க்கும்போது, எவ்வளவு லாபம் வரும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு லாபம் உங்களுக்குப் போதும் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்த எண்ணை நிதி மேலாளர் உங்களிடம் கேட்கமாட்டார். நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.